என் இடது காலும் நைனாவின் இடுப்பும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் முதலில் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். நமக்குத் தெரியும், முதலில் வருவது இடுப்பு. உங்களுக்கும் இருக்கும், மறைக்க வேண்டாம். கீழே விழுந்த கரண்டியை எடுத்துவிட்டு நிமிரும்போது பாதியில் நின்று, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்க்கிற காலம் நமக்கு வந்துவிட்டது. என் வீட்டில் பார்க்க ஆளில்லை. அதனால் நான் அவசரப்படாமல் பாதியிலேயே நின்றுகொள்வேன்.

எனக்கு இது வந்தது தண்ணீர் கேனால். கேன்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சமையலறை வரைக்கும் காலால் தள்ளிக்கொண்டே போனேன். தூக்கிக் கவிழ்க்கிற நேரத்தில் இடுப்பின் வலது பக்கம் சுருக்கென்றது. கேனும் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்தேன். "அசையாம படுத்துக்கம்மா, அதுவே சரியாயிடும்" என்றாள். மூன்று நாள் படுத்தேன். ஒவ்வொரு நாளும் எழுந்திருப்பது முந்தைய நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. நாலாம் நாள் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மாடியில் இருக்கிற பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கே போவதற்கு முதல் வேலையாகப் பதினெட்டுப் படி ஏற வேண்டும். யார் வைத்த இடமோ.

அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். வியாசர்பாடிக்காரி. பள்ளிக்கூட நாட்களில் கால்பந்து ஆடி முழங்காலை ஒடித்துக்கொண்டு, அதைச் சரிசெய்தவர்களைப் பார்த்து இந்தப் படிப்புக்கு வந்தவள். வரிசையாகக் கேள்வி கேட்டாள். கால் மரத்துப் போகிறதா? ஒன்றுக்கோ இரண்டுக்கோ அடக்க முடியாமல் போகிறதா? காய்ச்சல் உண்டா? எங்கேயாவது விழுந்தீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "இதுல எது இருந்தாலும் உடனே பெரிய டாக்டர்கிட்ட ஓடணும். உங்களுக்கு இருக்கறது தசைப் பிடிப்புதான் ஆன்ட்டி. பயப்படாதீங்க" என்றாள். பிறகு, "எவ்ளோ நாள் படுத்திருந்தீங்க?" என்று கேட்டாள். மூன்று நாள் என்றேன். ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"படுக்காதீங்க. நடங்க. கொஞ்சம் வலிச்சாலும் பரவால்ல, நடங்க."

ஐம்பது வருஷத்துக்கு மேலாக என் மனதில் கிடந்த ஒரு மழைக்காலம் அந்த வார்த்தையில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ராயபுரத்தில், ரயில்வே மதிலை ஒட்டிப் போகிற சந்தில் எங்கள் வீடு. நான், நைனா என்று நான் கூப்பிட்ட அப்பா, அவருடைய அக்காவான என் அத்தை, ஆக மூன்று பேர். அம்மா கிடையாது. நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். தலை வர வேண்டிய இடத்தில் கால் வந்தது. என்னை வெளியே எடுத்தார்கள், அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை.

அப்படிக் காலால் பிறந்த பிள்ளையின் கால் பட்டால் இடுப்புப் பிடிப்பு ஓடிவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கும், நீங்களே மிதி வாங்கியும் இருப்பீர்கள். ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் ரயில்வே யார்டு, ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள். இடுப்பு பிடிக்காத ஆம்பிளை ஏது? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிடுவார்கள். மாதா கோயில் பூசைக்குப் போகிற வழியில் வெள்ளை வேட்டியோடு வருகிறவர்களும் உண்டு. எங்கள் வாசலில் கோணியை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். நான் இடது காலால் வலிக்கிற இடத்தில் மூன்று முறை மிதிக்க வேண்டும். மூன்றாவது மிதியில் கொஞ்சம் அழுத்தம் கூட்ட வேண்டும். பிறகு அவர்கள் எழுந்து என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் வலியும் கூடவே திரும்பிவிடுமாம்.

உப்புப் பூத்த முதுகு, கரித்தூள் படிந்த முதுகு, தேங்காய் எண்ணெய் வழுக்குகிற முதுகு என்று அந்த வட்டாரத்து முதுகெல்லாம் என் பாதத்துக்குத் தெரியும். ஆனால் அந்த வீடுகளின் உள்ளே என்ன நிறத்தில் சுவர் இருந்தது என்று எனக்குத் தெரியாது. தாயை முழுங்கிவிட்டு வந்த பிள்ளையை யார் படி ஏற்றுவார்கள்? என் கால் அவர்களுக்கு வேண்டும், நான் வேண்டாம். சந்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது நான் போய் நின்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குரல் அவரவர் பிள்ளையைக் கூப்பிடும். எனக்கு அது பழகிவிட்டது என்று இத்தனை காலம் சொல்லிவந்தேன். பொய். அது பழகவே இல்லை.

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கோதுமை, சர்க்கரை, உரம் என்று எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்பதை அவர் தலைத்துண்டை முகர்ந்தே சொல்லிவிடுவேன். உரக் கப்பல் என்றால் மூக்கு எரியும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் உரக் கப்பல் வந்தது. நனைந்த மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நைனாவின் கால் வழுக்கியது. மூட்டை ஒரு பக்கம் போக, இடுப்பு வேறு பக்கம் போனதாம். கூட வேலை செய்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு கையைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை, தசைதான் என்றார். அதுவரை சரி. அசையாமல் படுத்திருக்க வேண்டும், எழுந்திருக்கவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அதைத்தான் சொன்னார்கள், அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அத்தை டாக்டர் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். உடைத்துப் போட்ட படகிலிருந்து ஒரு நீளப் பலகை வாங்கிவந்து தரையில் போட்டு அதன்மேல் நைனாவைக் கிடத்தினாள். பலகையில் மீன் எண்ணெய் வாடையும் தார் வாடையும் போகவே இல்லை. மழை நேரத்தில் கதவைச் சாத்தினால் ஒரு படகுக்குள் இருப்பதுபோல இருக்கும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம், முதுகு முழுக்கப் பிளாஸ்திரி. பிளாஸ்திரியை உரிக்கிற அன்றைக்கு நைனா கெட்ட வார்த்தை பேசுவார். அத்தை என் காதைப் பொத்துவாள்.

காலையிலும் சாயங்காலமும் நான் மிதித்தேன். மற்றவர்களுக்கு மூன்று, நைனாவுக்கு ஐந்து. மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு மிதிப்பேன். அம்மாவை என்னால் திருப்பித் தர முடியாது, நைனாவையாவது இந்தக் காலால் எழுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். "எப்டி கீது நைனா?" என்று கேட்பேன். "சொகமா கீது கண்ணு" என்பார். ஆனால் எழுந்திருக்க மாட்டார்.

இங்கே நைனாவின் கேங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேஸ்திரிக்குக் கீழே பன்னிரண்டு பேர் சேர்ந்து மூட்டை தூக்குவார்கள். ஒருவன் படுத்துவிட்டால் மற்றவர்கள் அவன் பங்கையும் தூக்கி, அவன் இடத்தை வேறு ஆளுக்குப் போகாமல் காப்பாற்றி வைப்பார்கள். அது அவர்களுக்குள் இருந்த மரியாதை. ஆனால் அவன் நிஜமாகவே படுத்திருக்க வேண்டும். எழுந்து நடமாடுகிறவன் மறுநாள் வேலைக்கு வந்து மூட்டை தூக்க வேண்டும். படுத்திருக்கிறவன், தூக்குகிறவன் என்று இரண்டு பேர்தான் அவர்கள் கணக்கில் உண்டு. நடக்க முடிகிறது, ஆனால் தூக்க முடியவில்லை என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு நடிகன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழத்தோடு பார்க்க வருகிறவர்கள் முதலில் நைனா எப்படிப் படுத்திருக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள்.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் நைனா அத்தையிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அக்கா, பட்த்துகினே இருந்தா இடுப்பு கல்லாட்டம் ஆய்டுது. நாலு எட்டு வெச்சா எளகுது. நானு பார்த்துட்டேன்."

"டாக்டரு பட்ச்சாரா, நீ பட்ச்சியா? மூடிகினு பட்த்துக்க. எய்ந்து கிய்ந்து எதுனா ஆச்சின்னா இந்தப் புள்ளைய யாரு பாக்குறது?"

அத்தை கொடுமைக்காரி இல்லை. தம்பியும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. நைனா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் விடாமல் மழை பெய்து பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் அத்தை இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போயிருப்பாள். மழை விட்டு வெயில் லேசாக அடித்தது. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதால் சுற்றிக்கொண்டு, ரயில்வே மதிலின் பின்பக்கமாக வந்தேன். அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது.

நைனா நடந்துகொண்டிருந்தார்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கையால் மதிலைத் தொட்டபடி ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போனார். நின்று மூச்சு வாங்கினார். இடுப்பை மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். மறுபடி அடுத்த தூண். மூன்று வாரமாக யாருக்கும் தெரியாமல் அப்படி நடந்துவந்திருக்கிறார் என்றும், ஒரு தூணில் ஆரம்பித்து அன்றைக்குப் பத்தாவது தூணுக்கு வந்திருந்தார் என்றும் பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காலையில் மிதித்தேன், மத்தியானம் நடக்கிறார்.

நைனா என்னைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கி ஆட்டினார். சந்தோஷத்தில் ஆட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கத்தாதே என்று அவர் கெஞ்சியது இப்போதுதான் தெரிகிறது.

தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு சந்துக்குள் ஓடினேன். "எங்க நைனா நடக்குது! என் காலு பட்டு நைனா எய்ந்து நடக்குது!" ஒரு கதவு விடாமல் தட்டினேன். அதுவரை எந்தக் கதவையும் தட்டியதில்லை. சந்தின் கோடியில் இருந்த நைனாவின் கேங் மேஸ்திரி இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கதவையும் தட்டினேன். தோளில் துண்டோடு அவர் வெளியே வந்தபோது, சந்தின் முனையில் நைனா இரண்டு காலில் நின்றுகொண்டிருந்ததை ஊரே பார்த்தது.

மறுநாள் காலையில் நைனா வேலைக்குப் போனார். பதினோரு மணிக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் குப்புறப் படுக்க வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். எட்டாவது மூட்டையில் விழுந்தாராம்.

அதன் பிறகு பங்குனி வரைக்கும் அந்தப் பலகையில் கிடந்தார். இந்தத் தடவை எழுந்து நடந்து பார்க்கிற தைரியம் அவருக்கும் இல்லை. கால்கள் குச்சியாகிவிட்டன. கேங்கில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தான். ஒரு கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். கடைசிவரை ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தார். என் கால் ராசி போய்விட்டது என்று சந்தில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் கோணி விரிக்க யாரும் வரவில்லை.

நானோ என் கால்தான் அவர் இடுப்பை முறித்தது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். ஐந்து முறை மிதித்ததை மூன்றோடு நிறுத்தியிருக்கலாமோ என்று கல்யாணமான பிறகும் யோசித்திருக்கிறேன். என் மகள் பிறந்தபோது மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "தலையா, காலா?" என்பது. என் வீட்டுக்காரர் இருந்தவரை முதுகு வலிக்கிறது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கையால் தைலம் தேய்ப்பேன். காலை வைக்க மாட்டேன்.

போன வாரம் அந்த வியாசர்பாடிப் பெண் என் இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். நான் குப்புறப் படுத்திருந்தேன். முகம் தெரியாத தைரியத்தில் கேட்டுவிட்டேன். "ஏம்மா, ஒரு பத்து வயசுப் பொண்ணு தினம் ரெண்டு வேளை இடுப்புல ஏறி மிதிச்சா ஏதாவது உடையுமா?"

"பத்து வயசா? அது என்ன வெயிட் இருந்துடப் போகுது ஆன்ட்டி? ஒண்ணும் ஆகாது. அதனால சரியாவும் ஆகாது. கொஞ்சம் சுகமா இருக்கும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். இத்தனை வருஷத்தை அவள் ஒரு வெந்நீர்ப் பை ஆறுகிற நேரத்தில் தீர்த்துவிட்டாள். அழுகை வந்தது. முகம் கீழே இருந்ததால் வசதியாகப் போயிற்று. பிறகு கதை முழுவதையும் சொன்னேன். தூண் தூணாக நடந்ததைச் சொன்னபோது அவள் குறுக்கே பேசினாள்.

"யாரும் சொல்லித் தராம அவரா நடந்தாரா? நான் இப்ப உங்களுக்குச் சொல்லித் தர்றதும் அதேதான் ஆன்ட்டி. இன்னும் ஒரு மாசம் அப்படியே நடந்துட்டு, சின்னச் சின்ன வெயிட்டா தூக்கிப் பழகியிருந்தா, திரும்ப வேலைக்கே போயிருப்பாரே." ஆறிப்போன பையை எடுத்துவிட்டுக் கேட்டாள். "ஏன் ஆன்ட்டி, நடக்கத்தான் முடியுது, தூக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்னு அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

தூங்கிவிட்டவள்போல இருந்துவிட்டேன்.

அவள் சொன்னதையெல்லாம் செய்கிறேன். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருக்கிறேன். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. எதையாவது தூக்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறேன். கேன் தண்ணீரைச் சின்னக் குடத்தில் பிடித்துக்கொள்கிறேன். காலையில் கடற்கரைச் சாலையில் முதல் நாள் ஐந்து நிமிஷம் நடந்தேன், இன்று இருபது. லாரிகளின் தூசியையும் மீறிக் கொஞ்சம் கடல் காற்று வருகிறது. வலி பாதிக்குமேல் போய்விட்டது. நான் நடப்பதைப் பார்த்துக் கத்த யாரும் இல்லை என்பது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் நம் வயதுக்காரர்கள், உங்களிடம் சொல்கிறேன்.

நான் கதவு தட்டிய அன்றைக்கு எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார். நைனா நிற்பதைப் பார்த்தார். குனிந்து, சேறாயிருந்த என் இடது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "உள்ள வாடி எங்கண்ணு" என்று வீட்டுக்குள் கூட்டிப் போனார். நான் முதல் முதலாக இன்னொருவர் வீட்டுப் படி ஏறினேன். உள்ளே சுவர் பச்சை நிறம். சிவப்புச் சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. ஸ்டவ்வில் வடை வெந்துகொண்டிருந்தது. அவருடைய மூன்று பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து வாசல் வழியாகச் சந்து தெரிந்தது. மேஸ்திரியும் நைனாவும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார், இருந்தும் கேட்டது.

"நெசத்த சொல்லுப்பா. உன் மூஞ்சியப் பாத்தா சரியான மாரி தெர்ல. முடியலன்னா இப்பவே சொல்லிடு. கொயந்த சொம்மா கத்திகினு ஓடுச்சி, நீ பதறிப்போயி எய்ந்து வந்துட்டன்னு நானு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன். நீ போயி பட்த்துக்க."

நைனா திரும்பி எதிர்வீட்டுக்குள் பார்த்தார். அந்த மூன்று பெண்களுக்கு நடுவில் நான் வாய் நிறைய வடையோடு உட்கார்ந்திருந்தேன். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேஸ்திரி" என்றார். "எம் பொண்ணு காலு பட்டு நல்லாய்டிச்சி. காலீல வந்துடுறேன்."

எதிர்வீட்டு அம்மா என் தட்டில் இன்னொரு வடை வைத்தார்.